செம்பருத்திக்கு ஹோமியோபதி மாத்திரை போடலாமா?

நரிமேடு மாடி:
பால்கனியில் இருக்கிற செம்பருத்தியின் நுனியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக அப்பிக்கொண்டு மொட்டெல்லாம் உதிர்கிறது. உள்ளே ஜன்னலோர மணி பிளான்ட்டிலும் இலை மஞ்சள். மாமனார் முழங்கால் வலிக்கு ஹோமியோபதி சாப்பிடுகிறவர், "சிலிசியா 30, நாலு உருண்டையை மண்ணில் போடும்மா, எந்திரிச்சுரும்" என்றார். இரண்டிலும் போட்டு எட்டு நாளாச்சு, ஒன்றும் எந்திரிக்கவில்லை, எறும்புதான் வரிசை கட்டுகிறது. இன்னும் நாலு போடவா?

மல்லிப்பந்தல்:
நேராகப் போடக்கூடாதுக்கா, கரைத்து ஊற்றணும். தொட்டி மாற்றினப்போ வாடின ரோஜாவுக்கு ஆர்னிகா 30 பத்து உருண்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன், பத்து நாளில் துளிர் விட்டது.

பழைய வாத்தியார்:
வேர் அசைந்த செடி நிழலில் வைத்தால் தானாகவே தேறும் தம்பி, பக்கத்தில் மருந்தில்லாமல் இன்னொரு ரோஜா வைத்துப் பார்த்தீர்களா? 30 என்றால் நூறில் ஒரு பங்காக 30 தடவை நீர்க்கச் செய்தது, அதாவது 1 போட்டு 60 சைபர் சேர்த்த எண்ணில் ஒரு பங்குதான் மருந்து. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளில் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. மிச்சம் சர்க்கரை, எறும்பு சும்மா வருமா? அம்மா, உங்கள் செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. அது கழிக்கிற தேன்பாகுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், வேறு செடிக்குத் தூக்கியும் போகும், நீங்கள் அதற்குப் பந்தியே போட்டிருக்கிறீர்கள். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு, வாரம் ஒரு தரம் வெயில் தாழ்ந்தபிறகு இலைக்கு அடியிலும் படுகிற மாதிரி அடியுங்கள்.

அனுப்பானடி:
மணி பிளான்ட்டுக்கு எந்தத் தண்ணி? நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் அதுதான். புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. அடியிலை முழுசாக மஞ்சளானால் பெரும்பாலும் தண்ணி ஜாஸ்தி, விரலை விட்டு மண்ணைப் பாருங்க.

நரிமேடு மாடி:
அடியிலைதான். விரலை விட்டால் சேறு, கீழ்த்தட்டில் தண்ணீர் நிற்கிறது. விசாரித்தால் மாமனாரும் தினம் விடியக்காலையில் ஒரு செம்பு ஊற்றுகிறாராம், அப்புறம் எட்டு மணிக்கு நான் ஒன்று. சரி, இனி மண் காய்ந்த பிறகுதான். வேப்பெண்ணெய் வாங்கியாச்சு. உருண்டை விஷயத்தை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நேற்று கிரோட்டனுக்கு வேறு எடுத்து வைத்திருக்கிறார்.