பியானோ பழகக் கம்பியில்லா ஹெட்போன் சரிப்படுமா?

அர்த்தஜாமம்:
இருபது வருடம் தொடாமல் விட்ட பியானோவுக்குத் திரும்பியிருக்கிறேன். 88 கட்டைகளும் உண்மையான பியானோவைப் போலக் கனத்து இறங்கும் டிஜிட்டல் பியானோ ஒன்று வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பகலில் நேரமில்லை. எல்லோரும் தூங்கிய பிறகுதான் உட்கார முடிகிறது என்பதால் ஹெட்போன் கட்டாயம். நல்ல ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. பியானோவின் ஹெட்போன் துளையில் செருகும் சிறிய ப்ளூடூத் அனுப்பி ஒன்றை வாங்கி இரண்டையும் இணைத்தேன்.

ஒலி அருமை. வாசிக்கத்தான் முடியவில்லை. விரல் ஓரிடத்தில் இருக்கிறது, சுரம் வேறோர் இடத்தில் வந்து விழுகிறது. மெதுவான பயிற்சி என்றால் சமாளித்துவிடுகிறேன். வேகம் கூட்டினால் கை தடுமாறி நின்றேபோகிறது. வயதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இது நாளடைவில் பழகிப்போகுமா, வேறு ஹெட்போன் வாங்க வேண்டுமா? அப்படியே, 'இது இல்லாமல் நான் பயிற்சி செய்வதில்லை' என்று நீங்கள் வைத்திருக்கும் கருவிகளையும் சொல்லுங்கள்.

சாலிடர்:
வயதின் மேல் பழி போடாதீர்கள். குற்றவாளி அந்த அனுப்பி.

ப்ளூடூத்தில் ஒலி நேரே போய்ச் சேர்வதில்லை. வருவதைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, காற்றில் அனுப்பி, மறுமுனையில் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு, பிறகுதான் விரித்துக் காதுக்குக் கொடுக்கிறது. நடுவில் ஒரு பொட்டலம் தவறினாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சேமிப்பு. எஸ்பிசி என்ற வழக்கமான சுருக்கும் முறையில் இவ்வளவும் நடந்து முடிய 150 முதல் 250 மில்லிவினாடி வரை ஆகும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 200 மில்லிவினாடித் தாமதம் என்றால் பியானோவின் ஒலிப்பெட்டி உங்களிடமிருந்து கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று பொருள். தெருக்கோடியில் இருக்கும் பியானோவை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கை தடுமாறாமல் என்ன செய்யும்?

என் பரிந்துரை சோனி எம்டிஆர்-7506. 1991இல் வந்தது, இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பார்க்கலாம். சுருள் கம்பி, மின்தடை 63 ஓம்தான், எந்தப் பியானோவும் எளிதாக ஓட்டிவிடும். குறையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களில் காது மெத்தையின் தோல் உரிந்து கன்னத்தில் கறுப்புத் துகளாக ஒட்டும். புது மெத்தை மாட்டினால் தீர்ந்தது.

நடைப்பயணி:
சாலிடர் எந்த இழைக்கு வந்தாலும் 'கம்பியே தெய்வம்' பாடாமல் போவதில்லை. 70 மீட்டர் என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். பெரிய தேவாலயங்களில் குழாய் ஆர்கன் வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் குழாய்கள் ஒரு புறம், அவர் உட்காருவது வேறொரு புறம். அழுத்துவதற்கும் கேட்பதற்கும் நடுவே இடைவெளி விழத்தான் செய்கிறது. நூற்றாண்டுகளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காது பழகும். அதற்குள் கருவியைக் குறை சொல்லக் கிளம்பினால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

நான் வாசிப்பவன் அல்ல, தினமும் ஐந்தாறு மணி நேரம் கேட்பவன். என் பரிந்துரை, இரைச்சலை அடக்கும் வசதியுள்ள கம்பியில்லா ஹெட்போன். ஆடம்பரத்துக்காகச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடினாலே அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிவிடுகிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் இரைச்சலை மீறிக் கேட்க நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். இரைச்சலை அடக்கினால் கூட்ட வேண்டியதில்லை.

கம்பியின் மகிமையையும் அனுபவித்திருக்கிறேன். நாற்காலிச் சக்கரத்தில் கம்பி சிக்கியது தெரியாமல் எழுந்தேன். மடிக்கணினியும் கூடவே எழுந்தது.

சாலிடர்:
அறுந்த கம்பியைப் பற்றவைக்கலாம், பத்து நிமிட வேலை. என்னிடம் இருந்த கம்பியில்லா இயர்பட்ஸ் இரண்டரை வருடத்தில் இடது பக்கம் மட்டும் நாற்பது நிமிடத்தில் உயிரை விட ஆரம்பித்தது. தயாரித்த நிறுவனத்தைக் கேட்டேன். மின்கலம் மாற்ற வழியில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நானே திறக்கலாம் என்று பார்த்தால் முழுதும் பசை போட்டு ஒட்டியிருந்தது. உடைத்துத்தான் திறந்தேன். இந்தப் பக்கம், 1997இல் அறிமுகமான சென்ஹைசர் எச்டி 600. கம்பி, மெத்தை, தலைப்பட்டை என்று எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். (அது 300 ஓம், திறந்த வகை. பக்கத்தில் தூங்குபவருக்கும் கச்சேரி கேட்கும். அதனால் கேள்வி கேட்டவருக்கு அதைச் சொல்லவில்லை.)

பழமொழிக்குப் பழமொழி வேண்டுமென்றால், வெறுங்கை முழம் போடுமா?

ஏழு பிட்:
ஆர்கன் பேச்சு வந்ததால் நுழைகிறேன். சிறு வயதில் நான்கு வருடம் ஆர்கன் வாசித்திருக்கிறேன். நடைப்பயணி சொல்வது பாதி சரி.

எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே, வரும் ஒலியைத் துரத்தாதே என்பதுதான். ஒலியைக் கேட்டு அதற்குத் தக்கபடி அடுத்த கட்டையை அழுத்தினால், அதுவும் தாமதமாக வரும். அதற்கேற்ப இன்னும் தாமதிப்போம். நாலு வரிக்குள் பாட்டு தவழத் தொடங்கிவிடும். ஆகவே தாளத்தை உள்ளுக்குள் ஓடவிட்டு, விரலை நம்பி வாசிக்க வேண்டும். அது தனிப் பயிற்சி, வருடக்கணக்கில் ஆகும்.

ஆனால் ஆர்கனில் அது சாத்தியமாவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்ல அழுத்தினாலும் குழாய் ஒரே அளவில்தான் ஒலிக்கும். பியானோ அப்படியா? ஒவ்வொரு சுரத்தின் பலத்தையும் விரல்தான் தீர்மானிக்கிறது. இப்போது ஒலித்தது கொஞ்சம் தடித்துவிட்டது என்று கேட்டுத்தான் அடுத்ததை மென்மையாக்குகிறோம். அந்தச் செய்தி கால் வினாடி கழித்து வந்தால், அதற்குள் இரண்டு சுரம் தாண்டியிருப்போம். அர்த்தஜாமம் பழகிக்கொள்ள முயன்றால் பழகவும் கூடும். பழகுவது, கேட்காமல் வாசிக்கும் பழக்கமாக இருக்கும்.

நடைப்பயணி:
நல்ல விளக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையான பியானோவிலும் கட்டையைத் தொட்ட கணமே ஒலி பிறப்பதில்லையே? நெம்புகோல் நகர்ந்து, சுத்தியல் எழும்பி, தந்தியைத் தொட வேண்டும். மெல்ல அழுத்தினால் அதற்கே பல பத்து மில்லிவினாடி ஆகும். அதை யாரும் தாமதம் என்று புகார் சொல்வதில்லை. பிறகு, இதே ப்ளூடூத்தில் நான் திரைப்படம் பார்க்கிறேன். உதடும் வசனமும் சரியாகப் பொருந்துகின்றன. அந்த 200 மில்லிவினாடி அங்கே எங்கே போயிற்று?

ஏழு பிட்:
இரண்டுமே நல்ல கேள்விகள்.

சுத்தியல் பயணிக்கும் நேரம் விரலின் கையில் இருக்கிறது. மெல்ல அழுத்தினால் கட்டையும் மெல்லவே இறங்குகிறது. அது அடித்தளத்தைத் தொடும் வேளையை ஒட்டித்தான் ஒலியும் பிறக்கிறது. தொடு உணர்வும் ஒலியும் சேர்ந்தே வருவதால் மூளை அதைத் தாமதம் என்று எடுத்துக்கொள்வதில்லை. ப்ளூடூத்தில் கட்டை அடித்தளத்தைத் தொட்டு, விரல் எழும்பிய பிறகு ஒலி வருகிறது.

திரைப்படத்தில் தாமதம் எங்கேயும் போகவில்லை. ஒலி எவ்வளவு பிந்தும் என்று கணக்கிட்டுப் படத்தையும் அதே அளவு பிந்த வைக்கிறார்கள், அதனால் உங்களுக்குத் தெரிவதில்லை. படத்தைப் பிந்த வைக்கலாம். அர்த்தஜாமத்தின் விரலைப் பிந்த வைக்க முடியாது.

சாலிடர்:
இந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டும்.

ஏழு பிட்:
ஆனால் சாலிடரோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. குற்றம் 'கம்பியில்லாமை'யில் இல்லை. மேடையில் பாடகர் கையில் இருக்கும் கம்பியில்லா மைக் தாமதிக்கிறதா? கிதார் கலைஞர்கள் இடுப்பில் செருகும் கம்பியில்லாக் கருவிகள் சில மில்லிவினாடியில் வேலையை முடிக்கின்றன. ப்ளூடூத்திலேயே ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறை சுமார் 40 மில்லிவினாடிக்கு இறங்குகிறது. அனுப்புவதும் பெறுவதும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால், சத்தமில்லாமல் பழைய முறைக்கே திரும்பிவிடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாந்தவன் நான்.

என் பரிந்துரை ஹெட்போனே அல்ல, ஒரு சாதாரண யுஎஸ்பி கம்பி. பியானோவைக் கணினியில் செருகி மிடி முறையில் பதிவு செய்யுங்கள். 1983இல் வந்த முறை அது. பழைய ஐந்து முனைச் செருகியிலேயே ஒரு சுரத்தை அழுத்திய செய்தியை அனுப்ப ஏறத்தாழ 1 மில்லிவினாடிதான் ஆகிறது. நாற்பது வருடம் கழித்து 200க்கு வந்து நிற்கிறோம், இதற்குப் பெயர் வளர்ச்சி. மிடி பதிவில் ஒலி இல்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு பலம் என்பது மட்டும் கிடைக்கும். பலம் 0 முதல் 127 வரையிலான எண்ணாக வரும். வாரம் ஒரு முறை அதைத் திரையில் விரித்துப் பாருங்கள். என் இடது கைச் சுண்டுவிரல் எப்போதும் 90க்கு மேல் அடிப்பதையும், மோதிர விரல் 50ஐத் தாண்டாததையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். காதால் கேட்டபோது இரண்டும் சமமாகத்தான் இருந்தன. என் காது எனக்கு வேண்டிய சாட்சி.

கட்டைச்சுருதி:
எண்களைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினால் அது தட்டச்சு. நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். இப்போது வரும் பிள்ளைகள் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள், தம்பூராவைக் கேட்பதில்லை. தம்பூராவோடு இயல்பாக ஒட்டி நிற்கும் அந்தர காந்தாரம் ஆதார சட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரம் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). செயலி எதிர்பார்ப்பது பியானோவின் சம அளவுப் பகுப்பு, அதில் 400. சரியாகப் பாடும் பிள்ளையைப் பார்த்து, '14 சென்ட் குறைகிறது' என்று சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் பயந்துபோய் ஏற்றிப் பாடுகிறாள். என் பரிந்துரை ஒரு சுருதிப்பெட்டி, கூடவே மூடிய கண்கள்.

ஏழு பிட்:
அம்மா, கணக்கு சரி. செயலியின் அளவுகோலை மாற்றிக்கொள்ளும் வசதியும் பல செயலிகளில் இருக்கிறது. அதோடு, பியானோவில் காந்தாரத்தை ஏற்றவோ இறக்கவோ அர்த்தஜாமத்தால் முடியாது, பாவம்.

கட்டைச்சுருதி:
அதனால்தான் பியானோவை நான் வீட்டுக்குள் விடவில்லை.

நடைப்பயணி:
இழை தம்பூராவுக்குப் போய்விட்டது, திரும்பி வாருங்கள். வாசிக்கும்போது கம்பி என்பதற்குச் சம்மதம். ஆனால் சாலிடர் இதை வைத்து, கேட்பதற்கும் கம்பிதான் மேல் என்று முடிச்சுப் போடுவார், எனக்குத் தெரியும். எனக்கு ஒரு பாட்டு கால் வினாடி பிந்தித் தொடங்குவதால் எந்த நஷ்டமும் இல்லை. சுருக்கிய ஒலியில் குறை தெரிகிறது என்பவர்கள், எது எது என்று தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒப்பிட்டிருக்கிறார்களா? நான் செய்து பார்த்தேன். அமைதியான அறையில், நன்றாகத் தெரிந்த பாட்டில், சில இடங்களில் வித்தியாசம் கண்டுபிடித்தேன். நடைபாதையில் ஒன்றும் தெரியவில்லை. என் இசையில் முக்கால் பங்கு நடைபாதையில்தான் நடக்கிறது.

சாலிடர்:
முடிச்சுப் போடவில்லை. ஒரு ஏக்கம் மட்டும். 1979இல் சோனி விற்ற முதல் வாக்மேனில் ஹெட்போன் துளை இரண்டு இருந்தன, இருவர் சேர்ந்து கேட்பதற்காக. பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்று, அதை அழுத்தினால் பாட்டு தணிந்து பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்கும். 2016இல் ஐபோன் 7 வந்தபோது அந்த ஒற்றைத் துளையும் போய்விட்டது.

அர்த்தஜாமம்:
எல்லோருக்கும் நன்றி. சாலிடர் சொன்ன 7506ஐயே வாங்கிவிட்டேன். கட்டைச்சுருதி அம்மா மன்னிக்க வேண்டும். ஒரே ஒரு சிக்கல், செருகி பியானோவின் துளையைவிடச் சிறியதாக இருக்கிறது, உள்ளே போய் ஆடுகிறது. தவறான வகையை வாங்கிவிட்டேனா?

சாலிடர்:
இல்லை. உங்கள் பியானோவில் இருப்பது 6.35 மில்லிமீட்டர் துளை. 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்பகத்துக்காகப் பிறந்த செருகியின் அளவு. ஹெட்போனில் இருப்பது 3.5. தங்க நிறத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு மாற்றி பெட்டியோடு வந்திருக்கும், பையின் அடியில் தேடுங்கள். அதைச் செருகியின் மேல் திருகி மாட்ட வேண்டும். இறுக்கமாகத் திருகுங்கள், இல்லாவிட்டால் கழற்றும்போது துளைக்குள்ளேயே தங்கிவிடும்.

அர்த்தஜாமம்:
கிடைத்தது. மாட்டினேன். இப்போதுதான் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு எழுதுகிறேன். சுரம் விரலோடேயே வருகிறது. வேகம் கூட்டினேன், கை இன்னமும் தடுமாறுகிறது. இனி பழி போட அனுப்பியும் இல்லை.

நடைப்பயணி:
அந்த அனுப்பியை என்ன செய்யப்போகிறீர்கள்? என் தொலைக்காட்சியில் ப்ளூடூத் இல்லை.