நந்தம்பாக்கம் வார் சிமெட்ரியில் ஒரு ஸ்காட்லாந்து கன்னர்: எப்படி இறந்திருப்பார்?

போரூர் கலா:
மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் இருக்கும் வார் சிமெட்ரிக்கு, அதாவது இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கல்லறைக்கு, போன ஞாயிறு என் பெண்ணோடு போயிருந்தேன். ஒரு கல்லை விட்டு நகரவே மனசு வரவில்லை. மேலே பீரங்கிச் சின்னம், ராயல் ஆர்ட்டிலரி என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை. பதவி கன்னர், அதாவது பீரங்கிப் படையின் சாதாரணச் சிப்பாய். 1944, வயது 23. அடியில் வீட்டார் எழுதச் சொன்ன வரியில் அபர்டீன் என்று ஸ்காட்லாந்து ஊர் பெயர். என் தாத்தா அதே வருஷம் பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டினார். அவர் திரும்பி வந்தார், இந்தப் பிள்ளை வரவில்லை. 1944-ல் சென்னையில் சண்டையே இல்லையே, எப்படி இறந்திருப்பார்? தெரிந்துகொள்ள வழி உண்டா? குடும்பத்தார் இருக்கலாம், பெயரை இங்கே போடவில்லை.

திருவல்லிக்கேணி ராஜா:
ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதே, அதிலாக இருக்கும்.

மாஜி ஹவில்தார்:
அது 1943 அக்டோபர், தம்பி. வருஷம் ஒத்துவரவில்லை.

கலாம்மா, அவர் சென்னையில்தான் இறந்தார் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சிமெட்ரியே 1952-ல் அமைத்தது. தென்னிந்தியா, கிழக்கிந்தியா பக்கம் பல கன்டோன்மென்ட்களிலும் ஊர்க் கல்லறைகளிலும் பராமரிக்க ஆளில்லாமல் போகும் என்று பயந்த கல்லறைகளைத் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். பழைய படிவங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். முதலில் எங்கே புதைத்தார்கள் என்பது சில சமயம் அதிலேயே இருக்கும்.

நானும் பீரங்கிப் படையில் இருந்து ரிட்டயர் ஆனவன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காலத்து 25 பவுண்டர், அதாவது 25 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும் பீரங்கிக்கு ஆறு பேர். ஒருத்தர் குறி வைப்பார், ஒருத்தர் குண்டைத் திணிப்பார், மற்றவர்கள் குண்டையும் வெடிமருந்தையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். குண்டு ஒன்று 11 கிலோவுக்கு மேல். ராத்திரி முழுக்கச் சுட்டால் விடியும்போது தோள் தூக்க வராது, பக்கத்தில் பேசுவது காதில் விழாது. பர்மா மழையில் சக்கரம் அச்சு வரை சேற்றில் இறங்கிவிடும், கயிறு கட்டி ஆட்கள்தான் இழுக்க வேண்டும். எதிரி பதிலுக்குச் சுடும் முதல் இலக்கும் பீரங்கி நிற்கும் இடம்தான்.

ஆனால் பர்மா முனையில் சண்டையைவிட நோய்தான் ஆளை அதிகம் படுக்க வைத்தது. காயம்பட்டு வெளியேறிய ஒருவருக்கு 120 பேர் நோயால் வெளியேறினார்கள் என்று 1943 நிலைமை பற்றி, பர்மா முனையில் பிரிட்டிஷ்-இந்தியப் படைக்குத் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, டைஃபஸ் காய்ச்சல். மலேரியாவுக்குக் கொடுத்த மெபாக்ரின் மாத்திரையில் தோலே மஞ்சளாகிவிடும். முடியாதவர்களை ரயிலிலும் கப்பலிலும் இந்தியாவுக்குள் இருந்த ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். உங்கள் கன்னரும் அப்படி ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரை விட்டிருக்கலாம். விபத்தாகவும் இருக்கலாம். ஆவணம் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது.

அவர் இருந்த ரெஜிமென்ட்டின் (படைப்பிரிவின்) எண் கிடைத்துவிட்டால் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த ரெஜிமென்ட்டின் போர் டயரியைக் கேட்கலாம். எந்தத் தேதியில் எந்த ஊரில் நின்றார்கள், எத்தனை குண்டு சுட்டார்கள் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அதிகாரி இறந்தால் பெயரோடு எழுதுவார்கள், கன்னர் இறந்தால் பெரும்பாலும் ஒரு எண்ணிக்கைதான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

எழும்பூர் பேத்தி:
அவர் பிறந்த கதைக்கு ஸ்காட்லாந்து பதிவேடுகளைப் பாருங்கள் அக்கா. வயது 23 என்றால் 1920 அல்லது 1921-ல் பிறந்திருப்பார். நூறு வருஷம் தாண்டியதால் பிறப்புப் பதிவின் நகலையே ஸ்காட்லாந்துஸ்பீப்பிள் தளத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவில் அப்பாவின் தொழில், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அவர்கள் கல்யாணமான தேதி, இடம்கூட இருக்கும். மீன்பிடிக் குடும்பமா, கிரானைட் உடைத்த குடும்பமா என்று அதிலேயே தெரிந்துவிடும், அபர்டீனில் இரண்டும் பெரிய தொழில். எடின்பரோ கோட்டையில் இருக்கும் தேசியப் போர் நினைவிடத்தின் பட்டியலிலும் பாருங்கள்.

போரூர் கலா:
எல்லாருக்கும் நன்றி. ஆணையத்தின் தளத்தில் அவர் பக்கம் கிடைத்துவிட்டது. அப்பா, அம்மா பெயர் இருக்கிறது. ரெஜிமென்ட் எண்ணும் இருக்கிறது. ஸ்கேன் படிவத்தில் கையெழுத்து எனக்குப் புரியவில்லை, ஐயா.

மாஜி ஹவில்தார்:
படத்தைத் தனிச்செய்தியில் அனுப்பும்மா. அந்தக் காலத்து ராணுவச் சுருக்கெழுத்து எனக்குப் பழக்கம். பார்த்துச் சொல்கிறேன்.