ஸ்டெம் செல் ஊசிக்கு வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி (பெரம்பூர்)

இரு சக்கர வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, என் அண்ணன் எட்டு மாதங்களாக இடுப்புக்குக் கீழே உணர்வின்றிப் படுத்திருக்கிறார். அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) எடுத்துத் தண்டுவடத்தில் செலுத்தினால் நடக்க வாய்ப்புண்டு என்றும், இது சோதனை நிலையில் உள்ள முறைதான் என்றாலும் தள்ளிப்போட்டால் பலன் குறையும் என்றும் ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். மூன்றரை லட்சம் ரூபாய் கட்டி, வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் படிவத்தைத் தர வேண்டுமாம். நான்கு பக்கமும் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். அம்மா வளையல்களை அடகு வைத்துவிட்டார். இப்படி அவசரப்படுத்துவது முறைதானா?

பதில் 1 (மருத்துவ ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய செவிலியர், தாம்பரம்)

முறையில்லை. தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரத்தப் புற்றுநோய் போன்ற வரையறுக்கப்பட்ட சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர, மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே செலுத்தலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. உண்மையான ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டின் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

இன்னொன்று என்னை மிகவும் வருத்துகிறது. உங்கள் அண்ணன் நல்ல நினைவோடு இருக்கிறார் என்றால், பெருக்கல் குறி ஏன் உங்கள் கையெழுத்துக்கு? நாங்கள் தமிழ்ப் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, திரும்பி வருபவரிடம் "என்ன புரிந்தது, உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்" என்று கேட்ட பிறகுதான் பேனாவை நீட்டுவோம்.

பதில் 2 (அடையாறு)

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நோயாளியின் ஸ்டெம் செல்களைப் பூசிய செயற்கை மூச்சுக்குழாயை 2011 முதல் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் அங்கே மூவருக்குப் பொருத்தினார். விலங்குகளில் போதிய சோதனை முடிந்திருக்கவில்லை. மூவரும் பின்னர் இறந்தார்கள். அதே மருத்துவமனையைச் சேர்ந்த நான்கு மருத்துவர்கள் ஆவணங்களோடு புகார் செய்தபோதும் நிறுவனம் முதலில் அவரையே காத்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அந்த அறுவை இல்லாமலேயே அவர்கள் கணிசமான காலம் வாழ்ந்திருக்க முடியும் என்பது தீர்ப்பில் முக்கியமானது. வேறு வழியே இல்லை என்ற பேச்சை வைத்துத்தான் அங்கும் அவசரம் காட்டப்பட்டது.

பதில் 3 (மாம்பலம்)

முந்தைய இருவரும் சொல்வது சரி, ஆனாலும் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. புற்றுநோய் முற்றிய நிலையில் என் அப்பா ஓர் ஆய்வில் சேர்ந்தார். அவருக்கு நாள் எண்ணப்பட்டிருந்தது, அவசரம் எங்களுடையதாக இருந்தது. அப்படியிருந்தும் மருத்துவர்தான் எங்களை நிறுத்தி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று இரண்டு முறை சொன்னார். எனவே சோதனை முறை என்றாலே ஓடிவிடாதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு அனுமதி பெற்ற ஆய்வு நடக்கிறதா என்று சி.டி.ஆர்.ஐ. தளத்தில் தேடுங்கள்.

கேட்டவர் (பெரம்பூர்)

அனைவருக்கும் நன்றி. இதுவரை அண்ணனிடம் யாருமே கேட்கவில்லை என்பது நேற்றிரவுதான் எனக்கு உறைத்தது. படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "எனக்கு முன்னால் எத்தனை பேருக்குப் போட்டார்கள், அதில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று கேள்" என்றார். காலையில் அதையும் பதிவு எண்ணையும் தொலைபேசியில் கேட்டேன். பணம் கட்டிய பிறகு மருத்துவர் விளக்குவார் என்றார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறேன்.