புதுப்பிப்பு: பின்னறைச் செடியை நம்பி வேலை தேடியவன்

போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன்: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டுப் பின்னறையில், எல்இடி வெளிச்சத்தில் மண்ணில்லாமல், உரம் கலந்த தண்ணீரில் லெட்யூஸ் (சாலட் கீரை) வளர்க்கிறேன், கையில் மின்னியல் டிப்ளமா இருக்கிறது, இதை வைத்து வேலை தேட முடியுமா என்று. "செடியைக் காட்டாதீங்க, கன்ட்ரோலரைக் காட்டுங்க" என்று, தொட்டித் தண்ணீரைக் கவனிக்கும் மின்னணுக் கருவியைச் சொல்லி, ஒருவர் சொன்னார். அதுதான் பலித்தது.

நேர்காணலில் செடியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. தொட்டித் தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 5.5க்கும் 6.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். எனக்கோ, உரத்தின் அளவு பார்க்கும் ஈசி சென்சாரை இறக்கியதும் பிஎச் தாறுமாறாகக் குதிக்கும். பிஎச்சைக் குறைக்க ஊற்றும் ஆசிட்டைத்தான் மூன்று வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஈசி முனை தண்ணீரில் விடும் மின்சாரம் பிஎச் முனையின் அளவைக் கெடுத்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஐசொலேட்டட் சப்ளை (ஒன்றின் மின்சாரம் மற்றதற்குப் போகாத மின் இணைப்பு) கொடுத்ததும் அடங்கியது. இதை எழுதி வைத்திருந்த நோட்டுப் பக்கத்தைத்தான் அரை மணி நேரம் துருவினார்கள்.

கோவையில் கன்ட்ரோல் பேனல் செய்யும் சின்னக் கம்பெனி. சம்பளம் சுமார்தான். காலையில் வேலந்தாவளம் வழியாக பஸ்.

அப்புறம், பின்னறை இப்போது அம்மா பொறுப்பில். லெட்யூஸைப் பிடுங்கிவிட்டுப் புதினா வைத்திருக்கிறார்.