கோன் செட் மாத்தியும் ஹேண்டில் நடுவுல மாட்டுது

பாகாயம்_வண்டி:
வணக்கம். 100 சிசி வண்டி, 74 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. தினமும் பாகாயத்துலேருந்து ராணிப்பேட்டை சிப்காட் போய் வரேன். முன் பிரேக் புடிக்கசொல்ல ஹேண்டில்ல 'டக்'குனு ஒரு அடி வந்துச்சு. ஒரு கடையில காட்டினேன், கோன் செட் (ஹேண்டில் திரும்பற இடத்துல மேலயும் கீழயும் இருக்கற குண்டு, வளையம்) போயிடுச்சுன்னு மாத்திக் கொடுத்தாங்க. 'டக்' நின்னுடுச்சு. ஆனா இப்ப வேற ரோதனை. கிரீன் சர்க்கிள் நெரிசல்ல மெதுவா உருட்டசொல்ல வண்டி குடிச்சவன் மாதிரி இப்படியும் அப்படியும் போவுது. ஹேண்டில் நேரா வந்ததும் பள்ளத்துல உக்காந்த மாதிரி நின்னுக்குது. "புது செட்டு சார், ஓட ஓட பழகிடும்"ங்கறாங்க. பழகுமா?

காட்பாடிக்காரன்:
முதல்ல முன் டயர் காத்து பாருங்க ப்ரோ. எனக்கு அதான் இருந்துச்சு.

பாகாயம்_வண்டி:
பாத்துட்டேன், காத்து சரியா இருக்கு.

பழைய_ஸ்பேனர்:
பழகாது தம்பி. சத்துவாச்சாரியில 22 வருஷம் பட்டறை வெச்சிருந்தவன் சொல்றேன். கழட்டின பழைய சாமானைக் கையில வாங்கினீங்களா? குண்டை விடுங்க, வளையம் எத்தனை இருந்துச்சு?

பாகாயம்_வண்டி:
வாங்கினேன் அண்ணே, டப்பாவுல கெடக்குது. மூணு.

பழைய_ஸ்பேனர்:
அதான் பாத்தேன். மேல ரெண்டு, கீழ ரெண்டு, மொத்தம் நாலு வரணும். வராதது கீழ்க்கோன். அது ஸ்டெம்மோட, அதாவது ஹேண்டிலோட சேர்ந்து திரும்பற தண்டோட, அடியில இறுக்கமா ஏறியிருக்கும், உளி வெச்சு சுத்திச் சுத்தித் தட்டினாத்தான் கிளம்பும். சோம்பல் பட்டவன் அதை விட்டுட்டு மத்ததை மாத்திடுவான். வண்டி பெரும்பாலும் நேராத்தானே போவுது? ஒவ்வொரு குழியிலயும் குண்டு அதே இடத்துல அடி வாங்கி, வளையத்துல தழும்பு விழுந்துடும். புதுக் குண்டும் அந்தத் தழும்புலதான் போய் உக்காரும். ஆட்டம் தெரியக் கூடாதுன்னு நட்டை வேற முறுக்கி வெச்சிருப்பாங்க.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை நடுவுலேருந்து ஒரு விரலால தள்ளுங்க. தானா ஓரத்துக்கு விழணும்.

திரும்பக் கழட்டசொல்ல பக்கத்துலயே நில்லுங்க. சக்கரம், மட்கார்டு, ஹேண்டில் எல்லாம் இறக்கி, ரெண்டு ஃபோர்க்கையும் உருவினதும், சி ஸ்பேனர்ல மேல் நட்டை விடுவிக்கிறதுக்கு முன்னாடி கீழ் டி-யை (ஸ்டெம்மோட சேர்ந்து ஃபோர்க்கைப் புடிக்கற துண்டு) ஒரு கை தாங்கிப் புடிக்கணும். கீழ வெள்ளைத் துணி விரிக்கச் சொல்லுங்க, இல்லன்னா குண்டு சாக்கடைக்குப் போயிடும். புதுக் கோனை உள்வளையத்துல மட்டும் படற பைப்பு வெச்சுத்தான் இறக்கணும். குண்டு ஓடற முகத்துல சுத்தி பட்டா செட்டே வீண். அது கடைசியா உக்காரும்போது அடிக்கற சத்தமே மாறும். கிரீஸ் தாராளமா வைக்கட்டும்.

நட்டை முதல்ல நல்லா இறுக்கி, ஹேண்டிலை நாலஞ்சு வாட்டி ரெண்டு பக்கமும் திருப்பி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தணும். மேல் பெரிய நட்டை முடுக்கினா இது மாறிடும், அதனால திரும்ப ஒரு தடவை சக்கரத்தைத் தூக்கிப் பாருங்க.

காட்பாடிக்காரன்:
அண்ணே, வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் தண்ணி அங்க அடிச்சா?

பழைய_ஸ்பேனர்:
கிரீஸ் போயி துரு ஏறிடும். அந்த இடத்துல நேரா அடிக்க விடாதீங்க.

பாகாயம்_வண்டி:
ஞாயித்துக்கிழமை வேற பட்டறையில பிரிச்சோம். அண்ணன் சொன்ன மாதிரியே கீழ்க்கோன் பழசு. கிரீஸைத் துடைச்சா நகத்தால அழுத்தின மாதிரி வரிசையா தழும்பு, விரல் வெச்சாலே தட்டுது. அதைக் கிளப்பவே முக்கால் மணி நேரம். பழைய கடையிலேருந்து காசு ஒண்ணும் திரும்ப வரலை. இப்ப ஒரு விரலுக்கே ஹேண்டில் விழுது. ஒண்ணுதான் இடிக்குது: பிரிக்கசொல்ல துணியில விழுந்த பழைய குண்டை எண்ணினோம், மேல இருந்ததை விட கீழ ஒண்ணு கம்மி. போன தடவை உருண்டு ஓடினதைத் தேடாமலே மூடியிருப்பாங்க போல.

பழைய_ஸ்பேனர்:
சில வண்டியில மேலயும் கீழயும் எண்ணிக்கையே வேற தம்பி, அதை வெச்சு யாரையும் திட்டாதீங்க. 300 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை ஆட்டம் பாத்துக்குங்க, புது வளையம் கொஞ்சம் அமுங்கும்.