நாற்பத்தோராயிரம் பார்வை, மூன்று லிட்டர் எண்ணெய்

குழு: செக்கு வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

காலை 9:12
சின்னம்மா: எல்லோருக்கும் வணக்கம். இதைக் குழுவில் எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். வீட்டில் பேசினால் சண்டையாகிறது என்பதால் எழுதுகிறேன். பையன் கடந்த பத்து நாட்களில் நம் செக்கு எண்ணெய்க்கு ரீல்ஸ் எடுத்து, அதன் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கென்று 6,000 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 1,080 ரூபாயும் கட்டியிருக்கிறான். அந்த ரீல்ஸை நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம். என் நோட்டில் அதன் பேரில் ஏறியிருப்பது மூன்று லிட்டர் நல்லெண்ணெய். அதிலும் ஒரு லிட்டரை வாங்கியவர் அவனுடைய கல்லூரி நண்பனின் தாயார்.

காலை 9:20
தம்பி: அம்மா, விளம்பரம் என்றால் உடனே விற்றுவிடாது, முதலில் பெயர் பரவ வேண்டும். நம் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் 600 பேரிலிருந்து 2,300 பேராகியிருக்கிறார்கள். பத்தாயிரம் வந்துவிட்டால் ஆர்டர் தானாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

காலை 9:31
அத்தை: நம் அப்பா காலத்தில் காங்கேயத்துக்கு மாட்டுச் சந்தைக்கு வந்தவர்களெல்லாம் வாசலில் நின்று எண்ணெய் வாங்கிப் போனார்கள். அப்போது யார் விளம்பரம் செய்தார்கள்? நல்ல சரக்காக இருந்தால் தேடி வருவார்கள்.

காலை 9:40
பெரியப்பா: அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன். கோவையில் இருக்கும் நம் பெண்ணுக்கு இதுதானே வேலை, அவள் சொல்லட்டும். குரல் பதிவு அனுப்ப வேண்டாம், எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. எவ்வளவு நீளமானாலும் எழுதியே அனுப்புங்கள். அரைகுறைச் சொற்களில் வேண்டாம்.

காலை 10:05
நான்: பெரியப்பா, தம்பி கணக்கின் உள்ளே சென்று பார்த்தேன். அவன் பணம் கட்டிப் பதிவைப் பரப்பும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தி, பக்கத்துக்கு ஆட்கள் வர வேண்டும் என்பதை நோக்கமாகவும், இந்தியா முழுவதையும் இடமாகவும் தேர்ந்தெடுத்திருக்கிறான். நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அந்த நிறுவனம் தேடிக் கொடுக்கும். ஆட்கள் வர வேண்டும் என்று கேட்டோம், வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் நம் மாநிலத்திலேயே இல்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க நமக்கு அனுமதியும் இல்லை. நம்மால் விற்க முடியாத ஊர்களில் நம் எண்ணெயைக் காட்டப் பணம் கட்டியிருக்கிறோம்.

காலை 10:08
தம்பி: இந்த ஜிஎஸ்டி விஷயம் எனக்குத் தெரியாது அக்கா.

காலை 10:11
நான்: தெரியாதது தப்பில்லை. இனி விளம்பரம் போட்டால் திருப்பூர், ஈரோடு, கோவை மூன்றை மட்டும் இடமாகக் கொடு. நோக்கமாக வாட்ஸ்அப் செய்தியைத் தேர்ந்தெடுத்தால், விளம்பரத்தைத் தொட்டவர் நேராக நம் எண்ணுக்கு வந்து பேசுவார். அதையும் இப்போது போட வேண்டாம். அதற்கு முன் செலவே இல்லாத வேலை நிறைய மீதமிருக்கிறது. சின்னம்மா, உங்கள் நீல அட்டை நோட்டில் எத்தனை பேருடைய எண்கள் இருக்கின்றன?

காலை 10:26
சின்னம்மா: எண்ணிப் பார்த்தேன் கண்ணு. நூற்று எண்பத்து மூன்று வீடுகள். அவற்றில் தொண்ணூறு வீடுகளுக்கு மேல் மாதம் தவறாமல் வாங்குகிறவை. சில வீடுகளுக்கு எப்போது எண்ணெய் தீரும் என்பதே எனக்குத் தெரியும்.

காலை 10:34
நான்: அந்த நோட்டுதான் நம் சொத்து. இன்ஸ்டாகிராமில் இருக்கும் 2,300 பேருக்கு நாம் ஒன்றைப் போட்டால், அதை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனம் தீர்மானிக்கும். இந்த நூற்று எண்பத்து மூன்று பேரை நாம் நேராகவே அழைக்கலாம். கடைக்கென்று இருக்கும் சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை ஏற்றிவிடுங்கள். அதில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் நம் நோட்டு முழுவதும் ஒரே பட்டியலில் அடங்கிவிடும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: நம் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும்.

காலை 10:41
சின்னம்மா: ஓ, அதனால்தானா! தீபாவளிக்கு முன் நூறு பேருக்கு அனுப்பினேன். பதில் சொன்னவர்கள் முப்பது பேர்கூட இல்லை. மற்றவர்கள் பார்த்தும் பேசவில்லை என்று மனத்தாங்கலாகவே இருந்தேன்.

காலை 10:45
நான்: அவர்களுக்குச் செய்தியே போயிருக்காது. அடுத்த முறை எண்ணெய் வாங்க வருகிறவர் உங்கள் எதிரிலேயே எண்ணைச் சேமிக்கும்படி செய்யுங்கள். ‘செக்கு ஆட்டும் நாளைச் சொல்லி அனுப்புகிறேன், எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்’ என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். பிறகு மாதத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் அனுப்ப வேண்டாம். தினமும் காலை வணக்கமும் பூப்படமும் அனுப்பினால் மூன்றாம் நாளே நம்மைத் தடை செய்துவிடுவார்கள்.

காலை 10:47
அத்தை: தினமும் காலை வணக்கம் அனுப்புவது நான்தான்; அதையும் இங்கேயே சொல்லிக் காட்ட வேண்டுமா?

காலை 10:48
நான்: ஐயோ அத்தை, சொந்தங்களுக்கு அனுப்பலாம், வாடிக்கையாளருக்குத்தான் கூடாது.

காலை 11:15
பெரியப்பா: அத்தையிடம் விட்ட மீதிப் பாதிக்கு வருகிறேன். சந்தைக் காலத்தில் வாங்குகிறவர் செக்கு சுற்றுவதைக் கண்ணால் பார்த்தார், பிண்ணாக்கைக் கையில் எடுத்து முகர்ந்தார், அதன் பிறகே எண்ணெய் வாங்கினார். இன்று திருப்பூரில் அடுக்குமாடியில் இருக்கும் பெண் எதைப் பார்த்து நம்புவாள்? மளிகைக் கடைப் பாக்கெட்டைவிட நம் விலை அதிகமாக இருப்பதை மட்டும்தான் அவள் பார்க்கிறாள்.

காலை 11:28
நான்: நான் சொல்ல வந்ததும் இதுதான் பெரியப்பா. தம்பியின் ரீல்ஸில் ஒரு சினிமாப் பாட்டும், மெதுவாக விழும் எண்ணெயும், நான்கு வண்ண எழுத்துகளும் இருக்கின்றன. அதை எந்த எண்ணெய்க் கடையும் போடலாம். ஏன் விலை அதிகம் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. தராசை வைத்துப் படம் எடு தம்பி. இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பை நிறுத்துக் காட்டு. அதை ஆட்டி, வந்த எண்ணெயை அளந்து காட்டு. மிஞ்சிய பிண்ணாக்கையும் நிறுத்துக் காட்டு. பருப்பு விலை அவர்களுக்குத் தெரியும், கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

காலை 11:36
சின்னம்மா: ஒரு லிட்டர் வருவதே பெரிய பாடு, பருப்பு நன்றாகக் காயாவிட்டால் அதுவும் வராது. அப்படி ஒரு நாள் குறைந்தால் அதையும் காட்டுவதா?

காலை 11:39
நான்: கட்டாயம் காட்டலாம் சின்னம்மா. குறைந்த நாளில் ஏன் குறைந்தது என்று நீங்கள் சொன்னால், மற்ற நாட்களில் நீங்கள் சொல்வதையும் நம்புவார்கள்.

காலை 11:50
சித்தப்பா: இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பெருந்துறை ஏலத்தில் கொப்பரை எடுக்கும்போது கந்தகப் புகை போட்ட கொப்பரைக்கும் வெயிலில் காய்ந்த கொப்பரைக்கும் நிறமே வேறாக இருக்கும். புகை போட்டது பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும், வாங்கத் தெரியாதவர் அதைத்தான் எடுப்பார். இரண்டையும் உடைத்து அருகருகே வைத்துக் காட்டினால் உபயோகமாக இருக்குமா?

காலை 11:52
தம்பி: அப்பா, இதை இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

காலை 11:53
சித்தப்பா: நீ கேட்கவில்லை. பாட்டு தேடிக்கொண்டிருந்தாய்.

காலை 11:58
நான்: பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனி ஆள் தன் விருப்பத்துக்குப் போடுவது வேறு. வியாபாரத்துக்குச் சினிமாப் பாட்டைப் பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி வேண்டும். வணிகக் கணக்குகளில் பல பாட்டுகள் கிடைக்காமல் போவதும் அதனால்தான். செக்கு சுற்றும் சத்தத்தையே விட்டுவிடு. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: ‘தினமும் ஒரு கரண்டி, சர்க்கரை நோய் ஓடிவிடும்’ என்று நீ போட்டிருக்கும் பழைய பதிவை இன்றே அழித்துவிடு.

பிற்பகல் 12:01
பெரியப்பா: அப்படியா எழுதினாய்? எனக்கே இருபது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது; நம் எண்ணெய்தான் அன்று முதல் சாப்பிடுகிறேன்.

பிற்பகல் 12:07
நான்: சிரிக்கலாம் பெரியப்பா, ஆனால் சட்டப்படியே சிக்கல். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ முறைகள் சட்டம் சில நோய்களைப் பெயர் குறிப்பிட்டு, அவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன. அதற்குப் பதிலாக, புட்டியில் இருக்கும் பதினான்கு இலக்க உணவு உரிம எண் படத்தில் தெளிவாகத் தெரியட்டும். புட்டியையே தலைகீழாகப் பிடித்து எடுத்திருக்கிறாய்.

பிற்பகல் 12:12
தம்பி: அழித்துவிட்டேன் அக்கா. இன்னொன்று கேட்க வேண்டும். சாப்பாட்டு வீடியோ போடும் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் நம் கடைக்கு வந்து பேசுவதாகச் சொன்னார். காசு வாங்கியதை மட்டும் எங்கும் சொல்ல மாட்டாராம், அப்போதுதான் இயல்பாக இருக்குமாம்.

பிற்பகல் 12:18
நான்: வேண்டாம். காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி குறிப்பிட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டிலேயே விளம்பரத் தர மன்றம் நெறிமுறை கொடுத்திருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறையும் 2023ஆம் ஆண்டில் அதையே வலியுறுத்தியது. மறைப்பதை இயல்பு என்று சொல்கிறவரிடம் நம் பெயரைக் கொடுக்கக் கூடாது. அந்தப் பணத்தில் சித்தப்பாவுக்கு ஒரு நல்ல மின்னணுத் தராசு வாங்கலாம்.

பிற்பகல் 12:25
சின்னம்மா: கண்ணு, மார்கழியில் நடந்ததைச் சொல்லவே இல்லையே. ஒரு அம்மா தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாகக் கட்டி நிற்பதைப் படமெடுத்து, மெழுகு கலந்திருக்கிறார்கள் என்று நம் பக்கத்தில் எழுதிவிட்டார். பையன் பயந்துபோய் அதை நீக்கிவிட்டான். அவர் இன்னும் கோபமாக இரண்டாம் முறை எழுதினார்.

பிற்பகல் 12:33
நான்: நீக்கியதுதான் தவறாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு. ‘அம்மா, புட்டியை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள், உருகாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று அங்கேயே, எல்லோரும் பார்க்கப் பதில் எழுதியிருந்தால், அவரோடு சேர்ந்து அதைப் படித்த இன்னும் பலருக்கும் பயம் தெளிந்திருக்கும். இந்தப் பதிலை வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மார்கழிக்கும் அதே கேள்வி வரும்.

பிற்பகல் 12:40
அத்தை: போன மாதம் என் சம்பந்தி வீட்டார் கூகுள் மேப்பைப் பார்த்து வந்து, பழைய வீட்டு வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அதையும் யாராவது சரி செய்யுங்கள்.

பிற்பகல் 12:44
நான்: நல்ல வேளை சொன்னீர்கள் அத்தை. கூகுளில் கடையின் பெயரைப் பதிந்து உரிமை கோருவதற்குக் கட்டணமே இல்லை. இடக்குறியைச் செக்கடிக்கு மாற்றி, திறக்கும் நேரத்தைச் சரியாகப் போட்டு, பலகையோடு ஒரு படம் ஏற்ற வேண்டும். ‘அருகில் மரச்செக்கு எண்ணெய்’ என்று தேடுகிறவர் வாங்கும் எண்ணத்தோடுதான் தேடுகிறார். நாற்பத்தோராயிரம் பார்வையைவிட அவர் நமக்கு முக்கியம். தம்பி, இது இன்றைய வேலை.

பிற்பகல் 12:50
சித்தப்பா: ஒரு எச்சரிக்கை. தெரியாத எண்ணிலிருந்து ஆர்டர் கொடுத்துப் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்புகிறார்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்க்காமல் இரண்டு லிட்டர் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் வாங்குவதற்கு நாம் யுபிஐ ரகசிய எண்ணைப் போடத் தேவையில்லை என்பதையும் எல்லோரும் நினைவில் வையுங்கள்.

பிற்பகல் 1:05
பெரியப்பா: சரி, என் முடிவைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு விளம்பரப் பணம் இல்லை. அம்மணி தன் நோட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டு, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது’ என்று கேட்டு எழுதட்டும். பார்வைக் கணக்கைத் தம்பி வைத்துக்கொள்ளட்டும். நமக்கு நோட்டுக் கணக்கு போதும்.

பிற்பகல் 1:10
தம்பி: சம்மதம் பெரியப்பா. முதல் வீடியோ எது? தராசா, கொப்பரையா?

பிற்பகல் 1:16
சின்னம்மா: சிவகிரி ஏலத்தில் எடுத்த எள் காய்ந்து தயாராக இருக்கிறது, செவ்வாய்க்கிழமை ஆட்டுகிறோம். கருப்பட்டியைத் தட்டிப் போடும்போது என் கை மட்டும் தெரிந்தால் போதும், முகம் வேண்டாம். ஆறு மணிக்கே வந்துவிடு. எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள், ஏழு மணிக்கு மேல் நான் செக்கருகே நிற்க மாட்டேன்.