முதல் பறப்பில் எது காலை வாரியது?

ஸ்காபரோ, கனடா

பெட்டியில் வந்த மரத்துண்டுகளை ஒட்டி, ரேடியோவால் பறக்கவிடுகிற பெரிய மாதிரிப் போர்விமானம் கட்டியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். கட்டிய கதையை எல்லோரும் படத்தோடு போடுகிறீர்கள். முதல் நாள் பறக்கவிட்டபோது என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் ஒருவரின் சத்தத்தையும் காணோம். சரி, நானே தொடங்கி வைக்கிறேன்.

என்னுடையது ஹோக்கர் ஹரிக்கேன், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் ஓட்டிய போர்விமானம், ஐந்தில் ஒரு பங்கு அளவு. உண்மையான விமானத்துக்கு இறக்கை முனையிலிருந்து முனைக்கு 40 அடி, என்னுடையதற்கு 8 அடி. பெற்றோல் ஊற்றாமலே 15 கிலோவுக்குக் கிட்ட வருகிறது. 62 சிசி எஞ்சின். வேலி வெட்டுகிற மெஷினின் சத்தத்தை நாலு மடங்காக்கினால் எப்படியோ அப்படி.

அதே போரில் அதைவிடப் பேரெடுத்த ஸ்பிட்பயர் இருக்க ஏன் ஹரிக்கேன் என்று மைதானத்தில் எல்லோரும் கேட்பார்கள். அம்மப்பாதான் காரணம். அவர் தம்பலகாமத்துக்காரர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்டபோது அவர் பன்னிரண்டு வயதுப் பையன், வயலில் மாட்டோடு நின்றிருக்கிறார். சீனன்குடாவிலிருந்து எழும்பிய 261ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள்தான் எதிர்த்து அடித்தன. சுடுகிற சத்தம் சட்டியில் பொரி வெடிக்கிற மாதிரி இருந்தது என்பார். அதே நாள்தான் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் தாண்டது.

கனடாவுக்கு வந்த பிறகுதான் மற்றப் பாதிக்கதை விளங்கியது. ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கையின் தெற்கே கொக்கலையிலிருந்து கற்றலீனா என்ற கடல்விமானத்தில் போய், வந்துகொண்டிருந்த யப்பான் கப்பற்படையைக் கண்டு, சுடப்பட்டு விழமுதல் ரேடியோவில் தகவல் அனுப்பிய லெனார்ட் பேர்ச்சல், இங்கே ஒன்ராறியோவில் சென் கதரின்ஸ் ஊர்க்காரர். ஹரிக்கேன்களில் 1,400க்கு மேற்பட்டவை இதே மாகாணத்தின் ஃபோர்ட் வில்லியம் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அங்கே தலைமை விமானப் பொறியியலாளராக இருந்தவர் எல்சி மக்கில் என்ற பெண். இவ்வளவும் தெரிந்த பிறகு ஸ்பிட்பயர் கட்ட மனம் வருமா?

பெட்டி புதிது இல்லை. பறக்கவிடுகிற ஒரு முதியவர் கண்பார்வை மங்கிவிட்டதென்று பாதியில் விட்டதை வாங்கினேன். உடலின் குறுக்குச் சட்டங்கள் ஒட்டியாகிவிட்டது, இறக்கை தொடப்படவில்லை. வரைபடத்தின் ஓரமெல்லாம் அவர் பென்சிலால் எழுதியிருந்தார். வால் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'இங்கே பசை வேண்டாம், மூக்கு அழும்.'

முதலில் விளங்கவில்லை. பிறகு கணக்குப் பார்த்தேன். சமநிலைப் புள்ளியிலிருந்து வால் இருக்கிற தூரம், மூக்கு இருக்கிற தூரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைத்தால்தான் விமானம் நேராக நிற்கும். அந்த ஒரு வரிக்காகவே அந்தப் பெட்டிக்கு இன்னும் காசு கொடுத்திருப்பேன். வாலுக்கு லேசான பால்சா மரமாகத் தேடித் தேடிச் சமையல் தராசில் நிறுத்துப் போட்டேன். மனிசி இப்போது புதுத் தராசு வாங்கிவிட்டா.

ஹரிக்கேன் கட்டுகிறவருக்கு ஒரு சந்தோசம் இருக்கிறது. உண்மையான விமானத்திலும் பின்பக்க உடல் தகடு இல்லை. உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மர வளையங்கள், நீளவாக்கில் மெல்லிய மரச் சலாகைகள், அதன்மேல் துணி. நானும் அதையேதான் செய்தேன். துணியை ஒட்டி இஸ்திரிப்பெட்டியை மெதுவாக மேலே ஓட்ட, சுருக்கமெல்லாம் ஓடிப்போய் ஒவ்வொரு சலாகையும் தோலுக்கடியில் விலா எலும்பு மாதிரி எழும்பும். விரலால் சுண்டினால் மத்தளச் சத்தம் கேட்கும். நள்ளிரவில் பேஸ்மென்ட்டில் அதைச் சுண்டிக்கொண்டு நின்ற என்னை மகன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

சிரமம் சில்லுப் பூட்டிய கால்களில்தான். ஹரிக்கேனின் கால்கள் மடியும்போது உள்நோக்கி மட்டும் போகாது, கொஞ்சம் பின்னுக்கும் சாயும். அந்தக் கோணம் சரிவராமல் மூன்று கிழமை போனது. காற்றழுத்தத்தில் வேலை செய்கிற வகை போட்டேன். ஒரு சிறு தாங்கிக்குள் சைக்கிள் பம்பால் காற்று அடித்து வைத்தால், மெல்லிய குழாய்கள் வழியாகப் போய்க் காலை மடக்கும், விரிக்கும். மேசையில் இறக்கையை மல்லாத்தி வைத்து எத்தனை தரம் செய்து பார்த்திருப்பேன்! ஒருநாளும் பிசகவில்லை.

இரண்டு பனிக்காலம் போய், மே மாதம் ஒரு ஞாயிறு காலை மைதானத்துக்குக் கொண்டுபோனேன். ஆறு பாகை குளிர், காற்றே இல்லை. இறக்கையை உடலோடு பொருத்தி நாலு போல்ட்டையும் இறுக்கினேன். ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது, சமநிலை, பெற்றோல், எல்லாம் பார்த்தாயிற்று. பார்க்காமல் விட்டது ஒன்று. எழும்பும்போது இடப்பக்கம் இழுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வாலில் இருக்கிற திருப்பும் பலகையான றடரை வலப்பக்கம் மெல்லக் கொடுக்க, வால் எழும்பி, ஐம்பது மீற்றரில் தானாகவே தரையை விட்டது. காலை மடக்கினேன். இரண்டும் உள்ளே போக, வெறும் பொம்மையாக இருந்தது ஒரேயடியாக ஹரிக்கேன் ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற நண்பர் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கை நடுங்கியது, வாய் காய்ந்தது.

ஆறு நிமிசம் பறந்த பிறகு இறக்குவோம் என்று காலை விரித்தேன். நண்பர் சொன்னார், 'வலது கால் இருக்கு. இடது இல்லை.'

மடக்கி விரித்தேன், இல்லை. மேலே போய்ச் சுழற்றி உலுக்கினேன், இல்லை. ஒற்றைக் காலில் இறக்கினால் சுழன்று இறக்கை முறியும். கடைசியில் இரண்டையும் மடக்கி, ஓடுபாதைக்குப் பக்கத்தில் புல் நீளமாக இருந்த இடத்தில், எஞ்சினை நிறுத்தி வயிற்றால் இறக்கினேன். ஹரிக்கேனின் தடித்த இறக்கை அந்த நேரத்தில் கைகொடுத்தது. மெதுவாக வந்தும் சரியவில்லை. வயிற்றுக்குக் கீழே இருக்கிற ரேடியேற்றர் கூடு மட்டும் புல்லை அள்ளிக்கொண்டு பிய்ந்து போனது. போரில் ஹரிக்கேனைக் கடலில் இறக்கப் பயந்ததும் இந்தக் கூட்டால்தான். அது தண்ணீரை அள்ளி மூக்கைக் குத்த வைத்துவிடும்.

வீட்டுக்கு வந்து இறக்கையைக் கழற்றினால், இடது காலை விரிக்கிற குழாய் உடலுக்கும் இறக்கைக்கும் நடுவே அகப்பட்டு அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. இறக்கை தனியாக இருந்தபோது நூறு தரம் பார்த்தவன், போல்ட் இறுக்கிய பிறகு ஒரு தரம் பார்க்கவில்லை. உங்கள் காலை எது வாரியது?

கோயம்புத்தூர்

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. என்னுடையது பி-47 தண்டர்போல்ட் என்ற அமெரிக்கப் போர்விமானம், 7 அடி இறக்கை. பர்மாவில் ஆங்கிலேயர் படை ஓட்டிய மாதிரி, வெள்ளைப் பட்டை போட்டது. கால் விஷயத்தில் எனக்குப் பிரச்சினை இல்லை. இங்கே லேத் பட்டறைக்குப் பஞ்சமா? பீளமேட்டில் ஒருவரிடம் உடைந்த பாகத்தைக் காட்டினேன். 'இதென்னங்க விளையாட்டுச் சாமானா' என்று கேட்டுவிட்டு, பம்ப்செட் வேலைக்கு நடுவில் இரண்டு கால்களையும் கடைந்து கொடுத்துவிட்டார். பெட்டியில் வந்ததைவிட உறுதி.

என்னைக் கவிழ்த்தது என் ஆசை. தண்டர்போல்ட்டின் முகத்தில் பெரிய வட்டமான வாய், அதற்குள் சிலிண்டர்கள் தெரியும். நிஜத்தில் 18 சிலிண்டர், முன்வரிசையில் ஒன்பது. நான் அந்த ஒன்பதையும் நூல் சுற்றி, கறுப்பு அடித்து, அச்சு அசலாகச் செய்து முன்னால் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆனால் பின்னால் இருந்த நிஜமான ஒற்றைச் சிலிண்டர் மூச்சு முட்டிக் கிடந்தது. தரையில் இரண்டு நிமிடம் ஓட்டியதில் தெரியவில்லை. நாலாவது நிமிடம், மேலே, காற்றோடு போகும் பக்கத்தில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. ஏழு அடி விமானம் சத்தமில்லாமல் வருவதைப் பார்ப்பது ஒரு கொடுமை. ஓடுபாதைக்கு எட்டவில்லை, சோளக்காட்டில் உட்கார்ந்தது. காட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று ஓடினால், சொம்பில் தண்ணீரோடு நிற்கிறார், உள்ளே இருக்கிற ஆளுக்கு என்ன ஆச்சோ என்று.

வாய் பெரிதாக இருந்தால் காற்று வரும் என்று நினைத்தது தப்பு. வருகிற காற்று சுலபமான வழியில் சுற்றிப் போய்விடும், சூடான இடத்தைத் தொடாது. இப்போது உள்பக்கம் முழுவதையும் மெல்லிய பிளைவுட்டால் அடைத்து, சிலிண்டருக்கு நேரே மட்டும் வழி விட்டிருக்கிறேன். வெளியேறும் வழியை உள்ளே வரும் வழியைப்போல இரண்டரை மடங்காக்கினேன். ஒன்பதில் இரண்டு பொய்ச் சிலிண்டரை அறுக்க வேண்டியதாயிற்று. வீட்டில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதேன்.

அப்புறம் இன்னொன்று. ஜூன் வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிடும், ஆடியில் கேட்கவே வேண்டாம். பெரிய விமானத்துக்கு முதல் பறப்பை அதற்கு முன்னாலேயே முடித்துவிடுவது உத்தமம்.

லண்டன்

என்னுடையது சின்னக் கதை. ஸ்பிட்பயர், ஐந்தில் ஒரு பங்கு, மூன்று வருட வேலை. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிற, இறக்கை ஓரத்துப் பலகைகளான அய்லரான் இரண்டும் தலைகீழாக வேலை செய்தன. அசைகிறதா என்று பார்த்தேன், அசைந்தது. எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. பறந்தது நாலு செக்கன். மிச்சம் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் வீட்டுக்கு வந்தது, மனைவி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஸ்காபரோ அண்ணைக்கு ஒரு கேள்வி. உங்கள் படத்தில் விமானத்தின் பிரிட்டிஷ் வட்ட அடையாளத்தின் நடுவே சிவப்பு இருக்கிறது. கிழக்கில் யப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பும் என்று அதை எடுத்துவிட்டார்களே? மூக்கில் ஈயம் எவ்வளவு போனது என்றும் சொல்லுங்கள்.

ஸ்காபரோ, கனடா

தம்பி, கறுப்புப் பையை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பி நடந்தேன்.

சிவப்புப் பற்றி: எடுத்தது உண்மைதான், ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு. திருகோணமலை அடிபட்ட நாளில் சிவப்பு இருந்தது. பிறகு வந்த நீலமும் வெளிர்நீலமும் பர்மா விமானங்களுக்குச் சரி. படத்தில் மூக்குக்குக் கீழே தொங்குகிற பெட்டி என்ன என்றும் கேட்பீர்கள். அது தூசி வடிகட்டி, வெப்பநாட்டு ஹரிக்கேனுக்கு உரியது. அழகைக் கெடுக்கிறதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் அம்மப்பா பார்த்த விமானம் இல்லை.

ஈயம் 900 கிராம். ரயர் கடையில் சில்லுச் சமநிலைக்கு ஒட்டுகிற கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, எஞ்சினுக்குப் பின்சுவரில் போல்ட்டால் பூட்டினேன். பசையை நம்பவில்லை. பற்றரிகளையும் முன்னுக்குத் தள்ளி வைத்தபடியால் 900. இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோ தாண்டியிருக்கும்.

கோவைத் தம்பி, காட்டுக்காரர் கதையை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு சிலிண்டரை அறுத்த இடத்தில் அவவும் 'ஐயோ' என்றா.

ரேடியேற்றர் கூட்டை புதிதாகச் செய்துவிட்டேன், இந்த முறை காந்தத்தால் பிடித்திருக்கிறது, புல்லில் பட்டால் கழன்று விழும். குழாய்களை உடலின் ஓரத்தில் கொளுக்கி போட்டுக் கட்டி, நடுவே அகப்படாமல் வைத்திருக்கிறேன். நேற்றிரவு இறக்கையைப் பூட்டி, நாலு போல்ட்டையும் இறுக்கி, இரண்டு கதிரைக்கு நடுவே விமானத்தைத் தூக்கி வைத்தேன். கராஜ் கதவைத் திறந்துவிட்டு, குளிரிலேயே இருபது தரம் காலை மடக்கி விரித்தேன். மகன் பக்கத்தில் இருந்து எண்ணினான். பதினேழாவது தரம் இடது கால் ஒரு செக்கன் யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. மகன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டேன். இன்றிரவு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.